படகின் பின்னே நீர்ச்சறுக்கு: கண்ணாடி இருந்தாலும் ஆள் வேண்டுமா?

ஏரிக்கரையான்:
ஒன்ராறியோவில் சிம்கோ ஏரிக்கரையில் ஒரு கொட்டேஜையும் ஐந்து பேர் அமரக்கூடிய விசைப்படகையும் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். பெறாமக்கள் இருவர் நீர்ச்சறுக்குப் பழக விரும்புகிறார்கள். படகோட்டும் அட்டை என்னிடம் உண்டு. பின்புறம் பார்க்க அகன்ற கண்ணாடி இருப்பதால், நானே ஓட்டியபடி அவர்களையும் கவனித்துக்கொள்ளலாமா?

துடுப்பு:
கூடாது. இழுக்கப்படுபவரைக் கவனிப்பதற்கென்றே படகில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்பது கனடாவின் விதி. கண்ணாடி அவருக்கு ஈடாகாது. மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் படகு விநாடிக்கு 11 மீற்றர் கடக்கும் என்பதால், நீங்கள் கண்ணாடியில் இரண்டு விநாடி கண்வைத்தால், ஏறத்தாழ 23 மீற்றர் நீளமான சறுக்குக் கயிற்றின் தூரத்தை முன்னால் இருப்பது தெரியாமலே ஓடியிருப்பீர்கள். இழுக்கப்படும் ஒவ்வொருவருக்கும் படகில் ஓர் இருக்கையும் காலியாக இருக்க வேண்டும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின்னர், மீண்டும் உதிக்கும்வரை இழுப்பதற்கு அனுமதி இல்லை.

நீலாம்பல்:
துடுப்பு அண்ணா சொன்னவற்றுடன், விழுந்தவரை ஏற்றும் முறையையும் சேர்க்கிறேன், ஏனெனில் நான் பயந்தது அங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர், விழுந்து கிடந்த தம்பியை நோக்கிப் படகைப் பின்னோக்கி எடுத்தார். நான் கத்தியதால்தான் நிறுத்தினார். சறுக்குபவர் எப்போதும் ஓட்டுநரின் கண்ணில் படும் பக்கத்தில் இருக்கும்படி மெதுவாகச் சுற்றி வந்து, அவர் ஏணியைத் தொடும் முன்பே இயந்திரத்தை முற்றாக நிறுத்திவிட வேண்டும். நியூட்ரலில் விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்: கியரில் ஒரு முழங்கை பட்டாலே புரொப்பல்லர் சுழலத் தொடங்கிவிடும். இன்னொன்று, புதிதாகப் பழகும் பிள்ளைகள் பிடி நழுவாமலிருக்கக் கைப்பிடியின் முக்கோணக் கயிற்றுக்குள் மணிக்கட்டை நுழைத்துவிடுவார்கள். கயிறு விறைக்கும்போது அந்தக் கை வெளியே வராது. புறப்படும் முன் கவனிப்பவர் விரல்களை ஒருமுறை பார்க்கட்டும்.

ஏரிக்கரையான்:
நன்றி. சைகைகள் ஏதும் உண்டா?

துடுப்பு:
பெருவிரல் மேலே என்றால் வேகம் கூட்டவும், கீழே என்றால் குறைக்கவும். கழுத்தை அறுப்பதுபோல் கையை இழுத்தால் உடனே நிறுத்தவும். விழுந்தபின் இரு கைகளையும் தலைக்குமேல் கோத்துக் காட்டினால் நலம் என்று பொருள். காட்டாவிட்டால் அடிபட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையான்:
அப்படியானால் இருவரையும் இழுக்கும்போது, நானும் கவனிப்பவரும் போக, வேடிக்கை பார்க்க ஒருவருக்குத்தான் இடம். மாமியும் மாமாவும் முறைவைத்து ஏறட்டும்.