டியூஷனை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தேனே, அதன் புதுப்பிப்பு

மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தேன்: மகள் பள்ளி இறுதியாண்டு, வாரம் ஐந்து நாள் டியூஷன், ஆனாலும் கணக்கில் மதிப்பெண் ஏறவில்லை, நிறுத்திவிடலாமா என்று. பல்கலைக்கழகச் சேர்க்கை நெருங்கும்போது ரிஸ்க் வேண்டாம் என்றீர்கள் பலர். சரி, கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டோம்.

விடுவதற்கு முன் ஒரு மாலை அவள் டியூஷன் நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக அழகான விடைகள், ஒரு அடித்தல்கூட இல்லை, எல்லாம் பலகையைப் பார்த்து எழுதியது. அதே தொகையீட்டுக் கணக்கை வெள்ளைத்தாளில் போடச் சொன்னால் மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. அப்போதுதான் உறைத்தது. இப்போது வாரம் இரண்டு நாள்தான், அதுவும் தானே முயன்று மாட்டிக்கொண்ட கணக்குகளோடுதான் போகிறாள். மற்ற மாலைகளில் புத்தகத்தை மூடிவைத்துப் பழைய வினாத்தாள் (திரும்பத் திரும்பப் படிப்பதைவிடத் தன்னையே சோதித்துக்கொண்டால் ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவிருக்கும் என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் காட்டினார்கள்).

'எல்லாரும் அனுப்புகிறார்களே, பயமாக இல்லையா' என்று கேட்டவருக்கு: இருக்கிறது. தென்கொரியா 1980இல் தனி டியூஷனைத் தடையே செய்தது, ரகசியமாக நடந்தது, 2000இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றுவிட்டது. நான் எம்மாத்திரம்!

மதிப்பெண் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. பத்து மணிக்குத் தூங்குகிறாள். இயற்பியலுக்கு மறுபடி சேர்க்கவா என்று கேட்டேன், "ரெண்டு வாரம் டைம் குடுங்கப்பா" என்றாள். பார்க்கலாம்.