மும்பை தாராவி 90 ஃபீட் ரோடு சொந்தங்கள் (வாட்ஸ்அப் குரூப்)

செல்வி: எல்லாரும் கேளுங்க, சித்தப்பாவ அடிச்சான்னு இசக்கி மேல போட்ட கேஸ் தீர்ப்பு ஆயிட்டு. விடுதலை!! இப்பதான் கோர்ட்ல இருந்து போன் பண்ணுனான்

கார்த்தி: சூப்பர் க்கா

சங்கர்: 2019ல இருந்து இழுத்தடிச்சானுவளே. முருகன் கண்ணத் தொறந்துட்டான்

செல்வி: ஆனா ஜாமீன் போடணுமாம். ரேஷன் கார்டு, ஆதார் கொண்டுட்டு யாராவது நாளைக்கு 11 மணிக்கு கோர்ட்டுக்கு வரணும். யாரு போறீங்க

கார்த்தி: விடுதலைன்னா பொறவு எதுக்கு ஜாமீன்

முருகேசன் மாமா: கார்த்தி நல்ல கேள்வி, எல்லாரும் பொறுமையா படிங்க. கேஸ் 2019ல இருந்தே நடக்குறதால பழைய சட்டம்தான், 2024 ஜூலைல வந்த புதுசு இதுக்குக் கிடையாது, அதுல சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 437ஏ, அதாவது விட்டுட்டாலும் நாளைக்கு அப்பீல் போனா மேல்கோர்ட்டுக்கு ஆள் வரணும்லா, அதுக்கு 6 மாசத்துக்கு ஜாமீன் பத்திரம். ஐபிசி 326, அதாவது ஆயுதத்தால கொடுங்காயம், ஏன் போட்டான்னா பல் உடைஞ்சாலே சட்டத்துல கொடுங்காயம், அதோட இரும்பு ராடு வேற, ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம், சாதாரணம் இல்ல. ராடு எடுத்தப்ப போலீஸ் சாட்சி வச்சு எழுதுன பஞ்சநாமால கையெழுத்து போட்ட டீக்கடைக்காரன் நான் வெத்துப் பேப்பர்லதான் போட்டேன்னு பல்டி அடிச்சிட்டான். டாக்டரும் குறுக்கு விசாரணைல, கல்லுல விழுந்தாலும் இப்படி ஆகலாம்னுட்டார். ராடு யாரு கையில இருந்துச்சுன்னு ஒருத்தனும் உறுதியாச் சொல்லல. ஆக சந்தேகத்தின் பலன் இசக்கிக்கு. இன்னும் இருக்கு, டைப் பண்ணுதேன்

சங்கர்: மாமா மூச்சு விடுங்க

சங்கர்: ராடாவது ஒண்ணாவது. மதி கல்யாணத்துல முறுக்கு கடிக்கும்போதே ஆடிக்கிட்டு கெடந்த பல்லு அது

கார்த்தி: அண்ணே சித்தி இந்த குரூப்லதான் இருக்காவ

சங்கர்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பேச்சியம்மா சித்தி: படிச்சிட்டேன் சங்கர்

பேச்சியம்மா சித்தி: உங்க சித்தப்பா இன்னைக்கும் ஒரு பக்கமாத்தான் மெல்லுதாவ. ராடு தானா எந்திரிச்சு வாய்க்குள்ள போச்சாக்கும்

செல்வி: மோட்டாரைக் கட்டி சந்துத் தண்ணியெல்லாம் உறிஞ்சுனது யாரு சித்தி

பேச்சியம்மா சித்தி: அந்த மோட்டார்ல ஒரு வருசம் உங்க அம்மையும்தான் குடம் வச்சுப் பிடிச்சா

செல்வி: அம்மாவ இழுக்காதீங்க

பேச்சியம்மா சித்தி: கோர்ட்டு சந்தேகம்னுதான் சொல்லிருக்கு. அடிக்கலன்னு சொல்லல

முருகேசன் மாமா: சட்டப்படி விட்டாச்சுன்னா நிரபராதிதான். ஆனா அடிபட்டவங்களே செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம், அந்த உரிமை 2009ல சட்டத்துல சேர்த்தது

செல்வி: மாமா நீங்க யாரு பக்கம்???

முருகேசன் மாமா: தகவல் சொல்லுதேன்மா

ராணி அத்தை: எல்லாரும் இருக்கும்போதே கேக்கேன். தாராவி மறுசீரமைப்பு சர்வேக்காரன் நம்ம சந்துக்கு வந்துட்டானா? மேல் ரூமுக்கு வீடு கிடையாதுங்கானுவ

சங்கர்: 2000க்கு முன்னால உள்ள கீழ்வீட்டுக்குத்தான் தாராவிக்குள்ள 350 சதுர அடி அத்தை. மேல் ரூம்னா வெளியதான், அதுவும் மொதல்ல வாடகைக்கு

ராணி அத்தை: அப்ப இசக்கிக்கு?

பேச்சியம்மா சித்தி: கீழ கரண்டு பில்லு எங்க பேர்ல

செல்வி: மேல கட்டுனது எங்க அப்பா காசு. சிமெண்டு பில்லு இன்னும் வச்சிருக்கேன்

ராணி அத்தை: ஏட்டி இப்ப எதுக்கு அது

கார்த்தி: ஜாமீன் யாரு போறா

சங்கர்: எனக்கு மார்னிங் டூட்டி

முருகேசன் மாமா: என் கார்டு அந்தேரில மக வீட்ல கெடக்கு

இசக்கி: சித்தி, சித்தப்பாட்ட சொல்லிட்டீங்களா

பேச்சியம்மா சித்தி: டிவி பாத்துட்டு இருக்காவ

இசக்கி: சரி

ராணி அத்தை: கேசரி கிண்டுதேன், எத்தன பேரு வாறீங்க

கார்த்தி: 11 மணிக்கு யாராவது??

முருகேசன் மாமா: போறவங்க ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துக்கங்க, பாஸ்போர்ட் போட்டோவும்

செல்வி: அப்ப நீங்கதான போறீங்க மாமா

முருகேசன் மாமா: மககிட்ட கேட்டுட்டு காலைல சொல்லுதேன்