கடுகளவு கிளிஞ்சல்

கரைக்காவலன்:
தீத்தொண்டு வாரம் ஏப்ரல் 14-ல் ஆரம்பம், மறுநாளே மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு போகாது என்பதால் பாம்பன் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் எங்கள் ஆலையின் தீயணைப்புக் குழுவுக்குப் பயிற்சிக்கு வந்திருந்தார்கள்.

பம்பிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் 100 மி.மீ. ஓஸை மணலில் விரித்தோம். ஓஸ் முனைகளை இணைப்பது முகத்தோடு முகம் வைத்துத் திருகிப் பூட்டுகிற கப்ளிங். பாதியிலேயே இறுகியது. புது ஓஸ், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஓஸின் வளைவுக்குள் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். காற்றில் குரல் எட்டவில்லை. தள்ளிப் போ என்று கையை வீசினேன். பம்பில் நின்றவர் தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்து வால்வைச் சட்டென்று முழுசாகத் திறந்துவிட்டார்.

தட்டையாகக் கிடந்த ஓஸ் உருண்டு திரண்டு, வளைவை நிமிர்த்திக்கொண்டே வந்தது. பையன் துள்ளி வெளியே விழுந்தான். அடுத்த நொடி கப்ளிங் கழன்றது. முனை இடுப்புயரம் எழும்பி, குடிதண்ணீர் வைத்திருந்த நீல டிரம்மை ஒரே அடியில் பிளந்துவிட்டது.

7 கிலோ பிரஷர் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. 100 மி.மீ. வாய் முழுக்கக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 550 கிலோ! அப்புறம் கப்ளிங்கின் பள்ளத்தைக் குண்டூசியால் கிளறினேன். கடுகளவு கிளிஞ்சல் துண்டு. முழுசாகப் பூட்ட விடாமல் தடுத்தது அதுதான்.

பாம்பன்தம்பி:
அண்ணே, உள்ளே நின்றவன் நான்தான். நங்கூரக் கயிறு ஓடும்போது வளையத்துக்குள் கால் வைக்காதே என்று அப்பா அடித்தே சொல்லிக்கொடுத்தவர். ஆனால் ஓஸைப் பார்த்தால் கயிறு மாதிரியா இருந்தது? காயப்போட்ட வேட்டி மாதிரி கிடந்தது. ஆடுகிற முனையைப் பாய்ந்து பிடிக்கக்கூடப் போனேன். நீங்கள்தான் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள்.

பழைய பம்ப்காரர்:
ஆடும் ஓஸை யாரும் பிடிக்க முடியாது தம்பி, பம்பைத்தான் நிறுத்த வேண்டும். வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, ஓஸ் நிரம்பிய பிறகு மெல்லக் கூட்டுவதுதான் முறை. இன்னொன்று, நிரம்பிய ஓஸை இழுத்து நகர்த்தப் பார்க்காதீர்கள். 30 மீட்டருக்குள் 235 லிட்டர் நிற்கும். எனக்கு இடுப்பு போனது அதில்தான்.

கரைக்காவலன்:
சரி அண்ணே. இப்போதெல்லாம் தார்ப்பாய் விரித்து அதன்மேல் வைத்துத்தான் பூட்டுகிறோம். தண்ணீர் கேட்க ஒரு கை நேராக மேலே, அவ்வளவுதான். வேறெப்படி ஆட்டினாலும் வால்வில் கை வைக்கக் கூடாது. டிரம்முக்கான காசை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள், அது தனிக் கதை.