எட்டு மாசமா கரையில கிடக்கும் படகு, டேங்குல பழைய பெட்ரோல்

கேள்வி: ஃபைபர் படகு, பின்னால மாட்டுற டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின். 25 லிட்டர் டேங்குல ஆயில் கலந்த பெட்ரோல் பாதி கிடக்கு. மேல புதுசு ஊத்தி ஓட்டலாமா அண்ணே?

பதில் 1: வேண்டாம் தம்பி. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுக்கும். அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் பிரிஞ்சு அடியில தங்கிடும், ஆயில் மேல பெட்ரோலோட நின்னுடும். இழுக்குற குழாய் இருக்குறதோ அடியில! ஆயில் இல்லாம போனா பிஸ்டன் பிடிச்சுக்கும். கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு அரை மணி நேரம் வைங்க. பிரிஞ்சிருந்தா நடுவுல கோடு தெரியும்.

பதில் 2: கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடிச்சிடுங்க. அதுல பெட்ரோல் போற சின்னத் துளை, அதான் ஜெட், அதுல பிசின் இருந்தா கிளீனர் அடிச்சு ஊதுங்க. கம்பி விடாதீங்க, துளை பெருத்துடும்.

கேட்டவர்: கோடு தெரியுது. புதுசுக்கு ஆயில் எவ்வளவு?

பதில் 1: அப்போ முழுசா வடிச்சிடுங்க, கடல்ல மட்டும் ஊத்தாதீங்க. 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் கேக்குற இன்ஜின்னா 25 லிட்டருக்கு அரை லிட்டர்.