ரெண்டு வயதாகியும் பேசவில்லை: ஆட்டிசமா, பேச்சுத் தாமதமா?

மதுரைக்காரி:
என் மகனுக்கும் அக்கா மகனுக்கும் சில மாத வித்தியாசம்தான். ரெண்டு பேருமே ரெண்டு வயது தாண்டியும் பேசவில்லை, "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், வசம்பை உரசி நாக்குல தடவு" என்று வீட்டில் இருவரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மாடியில் காக்கா வந்து உட்கார்ந்தால் என்னவன் விரலை நீட்டிக் காட்டிவிட்டு உடனே என் முகத்தைப் பார்ப்பான், அம்மாவும் பார்த்தாளா என்று. அக்கா மகனுக்கு பிஸ்கட் வேண்டுமென்றால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் டப்பா மேல் வைப்பான், முகத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவன், டிவியில் விளம்பரப் பாட்டு வந்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான். "அப்ப காது நல்லாத்தானே கேட்குது" என்றார் அத்தான். டாக்டர் விடவில்லை, சில சத்தங்கள் மட்டும் கேட்கிற குறைபாடும் உண்டாம், ரெண்டு பேருக்குமே முதலில் பெரா டெஸ்ட், அதாவது சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கிற பரிசோதனை. பிள்ளை தூங்கினால்தான் அதை எடுக்க முடியும், அந்தக் கூத்தைத் தனியாக எழுதலாம். காது ரெண்டு பேருக்கும் சரி. என்னவனுக்குப் பேச்சுத் தாமதம், அக்கா மகனுக்கு ஆட்டிசம்.

ஒரு பொண்ணு அப்பா:
எங்களுக்கு நேரெதிர். மகள் நிறையப் பேசுவாள், ரைம்ஸ் முழுக்க ஒப்பிப்பாள். ஆனால் "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் அவளும் "தண்ணி வேணுமா?" என்பாள். தாகமெடுத்தாலும் அதையேதான் சொல்லுவாள். "பேச்சுதான் வருதே, ஆட்டிசமெல்லாம் இல்லை" என்று ஒரு கிளினிக்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. அப்புறம் அரசு மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போனோம். எம்-சாட் என்று, ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று சலித்துப் பார்க்கிற 20 கேள்வி கேட்டார்கள். விரல் நீட்டிக் காட்டுகிறாளா, பொம்மைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி விளையாடுகிறாளா, இப்படி. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. ஆன்லைனில் நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு இரவெல்லாம் அழாதீர்கள், அது சல்லடை மட்டும்தான், முடிவைச் சொல்ல டாக்டர் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மதுரைக்காரி:
ஆமா சார். போன், டிவி அதிகம் பார்த்தால் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' வரும் என்று யூடியூபில் பயமுறுத்துகிறார்களே, மனநல டாக்டர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 புத்தகத்தில் அப்படி ஒரு நோயே கிடையாது என்றார் எங்கள் தெரபிஸ்ட். போனைக் குறைக்கச் சொன்னார், அது எல்லாப் பிள்ளைக்கும்தான். இன்னொன்று, டாக்டரிடம் போகும்போது பிள்ளை வீட்டில் விளையாடும் வீடியோ எடுத்துப் போங்க. அங்கே போனதும் எல்லாப் பிள்ளையும் அழத்தான் செய்யும், பத்து நிமிஷத்தில் அவர் எதைக் கண்டுபிடிப்பார்? பிரச்சினைக்குப் பெயர் என்னவென்று முடிவாகும்வரை காத்திருக்காமல் ஸ்பீச் தெரபியை ஆரம்பிச்சிடுங்க, ரெண்டுக்குமே அது வேண்டும். சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில், பல குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் நிப்மெட் நிறுவனத்தில் காட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன், அக்கா கேட்கிறாள்.