இரண்டாவது கல்லா வந்ததும் எஸ்கியூலைட் பூட்டிக்கொள்கிறது

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் மாமாவின் மளிகைக் கடைக்கு நான் எழுதிய பில் புரோகிராம்: பைத்தான், எஸ்கியூலைட் (எல்லாத் தகவலையும் ஒரே ஃபைலில் வைக்கும் டேட்டாபேஸ்), விண்டோஸ் 10. ஒரே கல்லாவில் இரண்டு வருஷம் தொல்லையே இல்லை. போன வாரம் இரண்டாவது கல்லா போட்டு, டேட்டாபேஸ் ஃபைலை ஷேர்டு ஃபோல்டருக்கு மாற்றினேன். அன்றிலிருந்து சாயங்காலக் கூட்டத்தில் 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' (டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது) என்ற பிழை. நேற்று மல்லித்தூள் பாக்கெட்டோடு ஒரு பாட்டி காத்து நிற்க, மாமா பில்லைக் கையால் எழுதினார், என்னை முறைத்தபடியே.

பிஸி டைம்அவுட்டை, அதாவது பூட்டு திறக்கக் காத்திருக்கும் நேரத்தை, கூட்டினேன். பிழை குறைந்தது, நிற்கவில்லை. ஃபைல் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் இன்டெக்ரிட்டி செக் 'ஓகே' என்கிறது. பில்லுக்கு பில் கமிட் செய்து (ஃபைலில் பதிந்து) கனெக்‌ஷனை மூடுகிறேன். மாற்றங்களை முதலில் தனி லாக் ஃபைலில் எழுதும் டபிள்யூஏஎல் மோடு நெட்வொர்க் ஃபைலுக்கு ஆகாது என்பதால் தொடவில்லை.

ஃபைலை ஒரே கணினியில் வைத்து, மற்ற கல்லாவைச் சின்ன சர்வர் வழியாகப் பேச வைத்தால் போதுமா, இல்லை பல கணினிகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சர்வர் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்கே மாறிவிடவா?