‘கிளேடு’ தமிழில்? நாளை மாலைக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினர்க்கு,
கடல் சாமந்தி (பூவல்ல, பூப்போன்ற கடல்விலங்கு, ஆங்கிலத்தில் ‘சீ அனிமோன்’) பற்றிய கட்டுரையொன்றை மொழிபெயர்க்கிறேன். கிழக்குப் பசிபிக்கின் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றருகே ஓர் உயிரி. உணர்நீட்சிகள் 2 மீட்டரை எட்டும். பார்வைக்குச் சாமந்தியேதான், 2006-இல் அப்படித்தான் பெயரிட்டார்கள். 2014-இல் டி.என்.ஏ.வை ஒப்பிட்டவர்கள் சாமந்திகளின் வரிசையை (‘ஆர்டர்’ என்ற வகைப்பாட்டுப் பிரிவை) விட்டே வெளியேற்றி, ரெலிகாந்தஸ் என்று புதுப்பெயர் வைத்தார்கள். “சாமந்திகளின் கிளேடில் இது சேராது” என்று எழுத வேண்டும். ஒரு மூதாதை, அதன் வழிவந்த அத்தனை பேர், வேறு யாருமில்லை: அதுதான் கிளேடு. ‘பிரிவு’ போதவில்லை.
– மு.

மு. அவர்களுக்கு,
தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறதே! “நந்தும் முரளும் ஈரறிவினவே, பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே.” நத்தைக்கும் சிப்பிக்கும் ஈரறிவு, அந்தக் கிளையில் பிறந்தவை பிறவும் உண்டு என்கிறார். ‘கிளைப்பிறப்பு’ என்றே எழுதுங்கள். கிளை மரத்துக்கு மட்டுமா? உறவினரும் கிளைஞர்தானே. கிரேக்கத்தில் கிளாடோஸ் என்றாலும் கிளையே. அந்த ஒலியொப்புமையைத் தனிமடலில் விரிக்கிறேன்.
– புலவர் இரா.

ஐயா, தனிமடலிலேயே இருக்கட்டும் :-)
தொல்காப்பியர் புலனறிவை எண்ணிப் பிரித்தார், பிறப்பைப் பார்த்தல்ல. சாமந்தி வகைப்பாட்டில் கவிழ்ந்ததும் அதே மாதிரி முறைதான். விளிம்பில் சுருக்குத்தசை உண்டா, உள்ளே கொட்டணுக்கள் (இரையைக் கொட்டும் செல்கள்) செறிந்த நூல்கள் உண்டா என்று பார்த்துத்தான் குடும்பம் பிரித்தார்கள். எலும்போ ஓடோ இல்லாத உடலில் வேறென்ன பார்ப்பது? மரபணு வந்தபின் தெரிந்தது, அந்த நூல்களைப் பல வழியினர் தனித்தனியே இழந்திருக்கிறார்கள். ‘இல்லை’ என்பதை வைத்து உறவு சொன்னால், மொட்டைத்தலையர் எல்லாரும் அண்ணன் தம்பி. கோமாளி மீனுக்கு இடங்கொடுக்கும் சாமந்திகளும் ஒரே வீட்டார் அல்லர். வகுப்பில் நான் ‘கால்வழி’ என்கிறேன்.
– தே. (விலங்கியல்)

சாமந்திக்கு ஏதம்மா கால்? மாணவர்கள் அதைத்தான் கேட்பார்கள். ‘கிளேடு’ என்றே விடுங்கள், புரியும். ஆங்கிலத்தில் இந்த விலங்குக்கு அனிமோன் பூவின் பெயர், நாமோ சாமந்தி என்றோம். அனிமோன் என்ற பூவும் சாமந்தியும் வேறு வேறு, அதையே பொறுத்துக்கொண்டோமே.
– ஜ.

புரியுமா? யாருக்கு? அப்படியே ‘சாமந்தி’ தமிழா என்றும் பார்த்துவிடலாம். கடற்செவ்வந்தி என்க.
– புலவர் இரா.

நண்பர்களே, செவ்வந்தி அடுத்த மாதம். ‘கிளைவழி’ என்று போடுகிறேன். மூவர் சரி என்கிறார்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். முதலிடத்தில் மட்டும் பக்கத்தில் ‘கிளேடு’.
– மு.

மு., அனுப்புமுன் ஒன்று. 2019-இல் மைட்டோகாண்டிரிய மரபணுத்தொகுதியை ஆராய்ந்தவர்கள் ரெலிகாந்தஸைச் சாமந்திகளுக்கு உடன்பிறந்த வழி, அதாவது மிக நெருங்கிய உறவு, என்கிறார்கள். எல்லையைச் சற்று விரித்தால் அதுவும் உள்ளே வந்துவிடும். ‘சேராது’ என்று அடித்துச் சொல்லாதீர்கள்.
– தே.

உடன்பிறந்த வழிக்குப் ‘பங்காளி’ என்ற சொல் உண்டு. ‘கிளைவழி’யில் வழி மிகை, என் மறுப்பைக் குறித்துக்கொள்க.
– புலவர் இரா.